டைட்டஸ் என்னும் மகன்

ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் காட்சிசாலையில், துணித் தொழிலோடு நெருங்கிய தொடர்புடைய ஓவியம் ஒன்று உண்டு. 1662-ஆம் ஆண்டில் ரெம்பிராண்ட் தீட்டியது அது. சாயந்தோய்த்த கம்பளித் துணியை மாதிரித் துண்டோடு ஒப்பிட்டுத் தரம் பார்த்து, ஈய முத்திரையிடும் பொறுப்பு அந்நகரில் ஐவர்பால் இருந்தது. அவ்வைவரும் தம் பணியாளோடு மேசையருகே கூடியிருக்கும் காட்சியே அப்படம். சங்கத்திற்கு வந்த சரக்கைப் பிரித்து, ஓரம் பார்த்து, முத்திரை குத்தும் மேசையை அறிந்த நம் நெசவாளர்களுக்கு அம்முகங்கள் புதியனவாகத் தோன்றா.

இத்துணை பெருமை வாய்ந்த ஓவியர் அந்நாளில் தம் சொந்தப் பெயரில் தொழில் நடத்தவில்லை. பங்காளியர் இருவர் நடத்திய கடையில் ஊணும் உறையுளும் பெற்று உழைத்தார். பங்காளியரில் ஒருவன் அவருடைய மகன் டைட்டஸ். அம்மகனைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

ரெம்பிராண்டுக்கும் சாஸ்கியாவுக்கும் முதலிற் பிறந்த மூன்று மக்களும் பச்சிளம் பருவத்திலேயே மாண்டனர். நான்காவதாக 1641-இல் பிறந்தவன் டைட்டஸ். தாயின் தமக்கை டிட்டியாவின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் சாஸ்கியா கண்மூடினாள். அவளுக்கு முப்பது வயதும் நிறையவில்லை. குழந்தைக்கு ஓராண்டும் முடியவில்லை.

தாயில்லாப் பிள்ளையைத் தந்தை எவ்வாறு நோக்கினார் என்பதற்கு ஏட்டுச் சான்று வேண்டா, படங்களே போதும். 1655-இல் எழுதிய படத்தில் சிறுவன் சாய்மேசைக்குப் பின் அமர்ந்திருக்கிறான். ஒரு கையின் கட்டைவிரல் கன்னத்தில் ஊன்றியிருக்கிறது. மற்றக் கையில் எழுதுகோற் கூடு தொங்குகிறது. எழுதவோ வரையவோ தொடங்கியவன் எதையோ நினைத்து நின்றுவிட்டான். பிள்ளை பெற்றவர் யாவரும் இப்பார்வையை வீட்டிற் கண்டிருப்பர். வியன்னாவிலுள்ள படத்தில் புத்தகம் படிக்கிறான். 1660-இல் எழுதிய படத்திலோ துறவியின் முக்காட்டு அங்கி அணிந்து விழி தாழ்த்தியிருக்கிறான். கூலி கொடுத்து மாதிரி அமர்த்த வகையின்றித் தந்தை மகனை உட்கார வைத்தார் என்று சொல்வோர் உளர். இருக்கலாம், ஆனால் கூலிக்கு உட்கார்ந்தவன் முகத்தை இத்துணைப் பரிவோடு எவரும் எழுதியதை நாம் கண்டதில்லை.

கடனின் கதையை நம் உறுப்பினர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1639-இல் 13,000 கில்டர் விலை பேசி வாங்கிய பெரிய வீட்டிற்கு முழுப்பணம் தீர்க்கப்படவே இல்லை. அரும்பொருள்களை ஏலத்தில் வாங்கிக் குவிக்கும் பழக்கமும் ஓவியருக்கு இருந்தது. 1656-இல் அவர் கடன் தீர்க்க இயலாதவராகத் தம் உடைமைகளை ஒப்படைத்தார். அதிகாரிகள் அறை அறையாகச் சென்று எழுதிய பட்டியலில், பெரும் ஓவியர்களின் படைப்புகளுக்கிடையே டைட்டஸின் கைவேலைகளும் காணப்படுகின்றன: நேரிற் பார்த்து வரைந்த மூன்று நாய்க்குட்டிகள், வண்ணந்தீட்டிய ஒரு புத்தகம், மேரியின் தலை ஒன்று. பதினைந்து வயதும் நிரம்பாத பிள்ளையின் நாய்க்குட்டிகளும் கடன்காரர் கணக்கில் ஏறின! இன்று அவன் கைவேலை என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றும் எஞ்சவில்லை.

வீடும் 1658-இல் ஏலம் போயிற்று. ரெம்பிராண்ட் தம் பெயரில் ஈட்டும் பொருளைக் கடன்காரர் பற்றிக்கொள்ளும் நிலை. அப்போது மகனும், ரெம்பிராண்டோடு வாழ்ந்த ஹெண்ட்ரிக்யே என்னும் பெண்மணியும் சேர்ந்து படவாணிபம் தொடங்கினர். 1660 டிசம்பரில் ஒப்பந்தம் பதிவாயிற்று. இலாபத்திலும் நட்டத்திலும் இருவருக்கும் சரிபாதி. ரெம்பிராண்டுக்குப் பங்கு இல்லை. அவர் வேலையாலும் அறிவுரையாலும் துணைபுரிய வேண்டும். அவருக்கு உணவும் இருப்பிடமும் உண்டு. பத்தொன்பது வயது மகன் தந்தைக்கு முதலாளி ஆனான் என்று இதனை நகைப்பாகவும் கூறலாம். தந்தையின் தூரிகை ஓயாதிருக்க மகன் இட்ட வேலி என்பதே நம் எண்ணம்.

அவன் வெறும் கணக்கன் அல்லன். 1665-இல் லெய்டன் நகரத்து நூல் வெளியீட்டாளர் ஒருவர், காலஞ்சென்ற மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் உருவத்தைச் செப்புத் தகட்டில் உளியாற் செதுக்க ஆள் தேடினார். தன் தந்தை அதில் எவருக்கும் இளைத்தவர் அல்லர் என்று டைட்டஸ் வாதாடினான். ரெம்பிராண்ட் அமிலத்தால் அரித்து எழுதுபவரே அன்றி உளிவேலை அறிந்தவர் அல்லர் என்பது வெளியீட்டாளரின் ஐயம். ஐயம் நியாயமானதுதான். இருப்பினும் மகன் விட்டுக்கொடுக்கவில்லை. வேலை கிடைத்தது, தந்தை வழக்கம்போல் அமிலத்தாலேயே அதைச் செய்தார்.

ஹெண்ட்ரிக்யே 1663-லேயே இறந்திருந்தாள். 1668 பிப்ரவரியில் டைட்டஸ் மக்டலேனாவை மணந்தான். செப்டம்பர் 7-இல் அவனை மேற்குத் தேவாலயத்தில் அடக்கம் செய்தனர். இருபத்தேழு வயது நிறையச் சில நாட்களே இருந்தன. மனைவி அப்போது கருவுற்றிருந்தாள்.

மறு மார்ச்சு மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் டிட்டியா என்றே பெயரிட்டனர். பாட்டனார் அவ்வாண்டு அக்டோபர் 4-இல் காலமானார். அவர் பணிக்கூடத்தில் முற்றுப்பெறாத ஓவியம் ஒன்று இருந்தது. இப்போது ஸ்டாக்ஹோமில் உள்ளது. கண்கள் ஏறக்குறைய மூடிய கிழவர் சிமியோன், குழந்தை ஒன்றைக் கைகளில் தாங்கியிருக்கிறார். விரல்கள் மடங்காமல் முன்னே நீண்டிருக்கின்றன. குழந்தை அவற்றின்மேற் கிடக்கிறது.