கார்மேல் மலை அன்னை ஆலயம் (கிழக்கு ஹார்லெம்)

கார்மேல் மலை அன்னை ஆலயம், ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், கிழக்கு ஹார்லெம் பகுதியின் 115ஆம் தெருவில் அமைந்துள்ள கத்தோலிக்கப் பங்கு ஆலயமும் திருத்தலமும் ஆகும். தமிழ்க் கத்தோலிக்கர் உத்தரிய மாதா என வழங்கும் மரியாளுக்கு இது அர்ப்பணிக்கப்பட்டது.

வரலாறு

தென் இத்தாலியின் போல்லா என்னும் ஊரிலிருந்து குடியேறியோர் 1880களின் தொடக்கத்தில் தம் ஊர் மாதாவின் விழாவை இங்கு கொண்டாடத் தொடங்கினர். பல்லொட்டைன் சபைக் குருக்களின் பொறுப்பில் 1884 இல் ஆலயம் தோன்றியது. பகலெல்லாம் கூலி வேலை செய்த இத்தாலியர் மாலையில் வந்து அடித்தளம் தோண்டினர். ஆயினும் மேல்தளம் ஐரிய, செருமானியக் கத்தோலிக்கருக்கே உரியதாயிற்று. இத்தாலியரின் வழிபாடும் அவர்களது மாதா சொரூபமும் நிலவறைக்கு ஒதுக்கப்பட்டன. ஊர்வலமும் வாணவேடிக்கையும் மெழுகு உருவக் காணிக்கைகளுமாக அவர்கள் எடுத்த விழாவை ஐரியக் குருக்கள் பலர் மூடப்பழக்கமாகவே கருதினர்.

உரோமையின் கருத்து வேறாயிருந்தது. 1903 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இவ்வாலயத்தைத் திருத்தலமாக உயர்த்தினார். 1904 இல் சொரூபத்திற்கு முடிசூட்டு விழா நடைபெற்றது. முடிசூடிய பின்னரும் சொரூபம் நிலவறையிலேயே இருந்தது குறிப்பிடத்தக்கது. இத்தாலியர் மேல்தளத்தில் உரிமை பெற மேலும் பல ஆண்டுகள் ஆயின.

திருவிழா

ஆண்டு விழா சூலை 16 அன்று நடைபெறுகிறது. வேண்டுதல் வைத்தோர் வெறுங்காலுடன் ஊர்வலத்தில் நடப்பது வழக்கமாயிருந்தது. இராபர்ட் ஓர்சி 1985 இல் வெளியிட்ட "115ஆம் தெருவின் மடோன்னா" என்னும் நூல் இவ்விழாவை விரிவாக ஆராய்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியருள் பெரும்பாலோர் இப்பகுதியை விட்டு வெளியேறினர். புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் பெருமளவில் குடியேறினர். பிற்காலத்தில் எயிட்டியிலிருந்து வந்தோர் இவ்விழாவிற்குத் திரளாக வரலாயினர். எயிட்டியின் சோ-தோ அருவியிலும் இதே நாளில் இதே அன்னைக்கு யாத்திரை நடைபெறுகிறது.