தேயிலைப் பெட்டியின் மேல் ஒரு முகம்

ஹற்றனை விட்டு நானுஓயா நோக்கிச் செல்லும் புகைவண்டி, சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து வெளிவந்ததும் கொட்டகலைத் தோட்டங்கள் கண்முன் விரியும். பயணிகள் சன்னலருகே நெருங்கிப் படம் பிடிக்கும் காட்சி பெரும்பாலும் ஒன்றே: செடிகளுக்கிடையே நின்று கொழுந்து கிள்ளும் பெண். அவளை அவர்கள் முன்னரே அறிவர். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், தம் சரக்குத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகின்றது என்று விளம்பரஞ் செய்தபோது, அதற்குச் சாட்சியாக நிறுத்தியது அவளைத்தான். பின்வந்த வணிகரும் அவ்வழியே சென்றனர்.

இசைத்தட்டின் உறையிற் பாடகரின் முகம் இருந்தால், உள்ளே அவர் குரலும் இருக்கும். தேயிலைப் பெட்டியில் முகம் மட்டுமே உண்டு.

அந்தச் சித்திரப் பெண்ணை அட்டை கடிப்பதில்லை, மழையும் நனைப்பதில்லை. மெய்யான தொழிலாளியோ இடுப்பிற் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டே மலையேறுகிறாள். மூங்கிற் கூடை போய் இலேசான பை வந்துவிட்ட தோட்டங்கள் பல. பெட்டியில் மட்டும் கூடை மாறவில்லை. தோட்டத்துப் பேச்சில் ஒரு நாட் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' விழும். உலகெங்கும் உருவம் அறியப்பெற்ற ஒருத்திக்குப் பெட்டியிற் பேரே இல்லை. பிரட்டுக்களத்துப் புத்தகத்திலோ சில நாள் பாதிப் பேர்தான்.

பெட்டி அச்சிட்டவர் வணிகர். அவரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் 1934இல் எடுக்கப்பட்ட 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் விவரணப் படம் வேறு தரத்தது. பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். இயக்கியவர் பசில் ரைற். தேயிலை வாங்குங்கள் என்று அப்படம் எவரையும் வற்புறுத்துவதில்லை. 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவிற் பரிசு பெற்ற அது, இன்றும் விவரணப் படக்கலையின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாகவே மதிக்கப்படுகிறது.

படம் நான்கு பகுதிகளையுடையது. சிவனொளிபாத மலை யாத்திரையுடன் தொடங்குகிறது. கண்டிய நடனத்தை நோக்கிச் செல்கிறது. இடையே 'வாணிபத்தின் குரல்கள்' என்னும் மூன்றாம் பகுதியிலேதான் தேயிலை மலை வருகிறது. கைகள் கொழுந்து கிள்ளுகின்றன. அவற்றின் மேல் ஒலிப்பவை வர்த்தகக் கடிதங்களும் சந்தை விலைகளும். காட்சியையும் ஒலியையும் இவ்வாறு மோதவிட்டு வாணிபத்தின் ஆட்சியைக் காட்டியது ரைற்றின் திறமை. எனினும் அந்தக் கைகளுக்குரியவர் யாவர், எங்கிருந்து வந்தனர் என்பதை அறிய வழியில்லை.

காரணம் வருணனையிலேயே இருக்கிறது. கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட்டின் குரலில் ஒலிப்பது றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகம். நொக்ஸ் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்தவர். அவர் காலத்தில் இம்மலைகளில் தேயிலையுமில்லை, தோட்டத் தமிழருமில்லை. கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து வரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். அவர்களை அறியாத நூலொன்று, அவர்கள் உழைப்பால் விற்ற பண்டத்தின் படத்துக்கு வாய்மொழியாயிற்று! தீவின் தொன்மையைக் காட்டப் பொருத்தமான நூல்தான். ஆனால் தொன்மையே நாடு என்று கொண்டால், நேற்று வந்தவனுக்கு அதில் இடமேது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது அக்கேள்வி கலைக்கு வெளியேயும் எழுந்தது. நாடற்றிருந்தோரில் எஞ்சியோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இலேதான் வந்தது.

ரைற்றுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். மலையிற் பிடித்தது காட்சி மாத்திரமே. ஒலியெல்லாம் பின்னர் இலண்டனிற் சேர்க்கப்பட்டது. ஆயினும் மலை ஊமையாய் இருக்கவில்லை. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். கங்காணியை ஏசும் பாட்டும், விட்டுவந்த ஊரை எண்ணிப் புலம்பும் பாட்டும், தாலாட்டும் இம்மலைகளில் வழங்கியவை. படக்கருவி வந்து போன 1934இல் வேலுப்பிள்ளைக்கு வயது இருபது.