பாடத்திட்டம் ஓரிடத்தில், மதிப்பீடு வேறிடத்தில்!

புது தில்லி: பொறியியல் பாடத்திட்டம் பயன் தருகிறதா என்று அளந்து காட்டும் பொறுப்பு, அதை மாற்றும் அதிகாரம் இல்லாத கல்லூரிகளின் மீதே விழுந்துள்ளது.

முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-ல் உருவான திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய எல்லையோர ஊர் நாகலாபுரம். இங்குள்ள மாணவர் ஆந்திரத்தில் பொறியியல் சேர்ந்தால், அனந்தபூர் ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியிலும், எல்லை தாண்டித் திருவள்ளூர் பக்கம் சேர்ந்தால், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியிலும் பயில வாய்ப்புண்டு. தன்னாட்சி பெறாத கல்லூரி எனில், பாடத்திட்டமும் செமஸ்டர் வினாத்தாளும் பல்கலைக்கழகத்தினுடையவை.

1994-ல் அமைக்கப்பட்ட தேசிய அங்கீகார வாரியம், கல்லூரிக்கு அல்லாமல் ஒவ்வொரு பாடப் பிரிவுக்கும் தனித்தனியே அங்கீகாரம் அளிக்கிறது. கட்டடமும் ஆய்வுக்கூடமும் மட்டும் போதாது. படித்து முடித்தவர் என்ன செய்ய வல்லவர் என்பதைக் காட்ட வேண்டும். இதற்காகத் தேர்வு மதிப்பெண்களும், மாணவர், முன்னாள் மாணவர், நிறுவனங்களின் கருத்துகளும் தொகுக்கப்படுகின்றன. இலக்கை எட்டாவிட்டால், எடுத்த நடவடிக்கையைக் கல்லூரி எழுத்தில் தர வேண்டும்.

சிக்கல் இங்குதான். கற்பிக்கும் முறையை இணைப்புக் கல்லூரி மாற்றலாம். கூடுதல் வகுப்பு நடத்தலாம். காலாவதியான பாடத்தை நீக்க இயலாது. மனப்பாடத்தைச் சோதிக்கும் வினாத்தாள் வந்தால், கிடைக்கும் மதிப்பெண் மனப்பாடத்தையே அளக்கும்.

பட்டங்களை இணையாகக் கருத வழிசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 ஜூனில் நிரந்தர உறுப்பினரானது. ஆனால் பல்கலைக்கழகங்கள், தன்னாட்சிக் கல்லூரிகள் அடங்கிய முதல் அடுக்கில் அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கே அதன் பயன் உண்டு. இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில் உள்ளன. வெளிநாட்டில் பொறியாளராகப் பதிவு செய்ய விரும்பும் கிராமத்து மாணவருக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் சேர்க்கையின்போது தெரிவதில்லை.

அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், மொத்த கிரெடிட்களை 160 ஆகக் குறைத்து, தொழிற்சாலைப் பயிற்சிக்கும் இடமளித்தது. எனினும் அது மாதிரியே. பட்டத்துக்கான பாடத்தை முடிவு செய்வது பல்கலைக்கழகம்.

இணைப்பு முறையையே 15 ஆண்டுகளில் படிப்படியாக விலக்க வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அதிகாரம் கைமாறினால் மட்டும் போதாது. பாடத்திட்டம் வகுக்கத் தகுதியான ஆசிரியர்களும் சிறு கல்லூரிகளுக்கு வேண்டும்.

எத்தனை கல்லூரிகள் அங்கீகாரம் பெற்றன என்பது நாடாளுமன்றத்தில் கேட்கத்தக்க கேள்விதான். மதிப்பீட்டுக்குப் பிறகு எந்தப் பாடம் மாறியது என்பது அதைவிட முக்கியமான கேள்வி.