உங்களுக்குத் தெரியாமலேயே வந்த தீர்ப்பு

ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை, பிறகு ஹாரோவில் ஒரு ஃபிளாட் என்று வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் லண்டன் தமிழர்களில் நிறையப் பேர். வங்கியில் முகவரியை மாற்றிவிடுவோம். காரின் வி5சி பதிவுப் பத்திரத்தில் மாற்ற மறந்துவிடுவோம். தனியார் பார்க்கிங் நிறுவனங்கள் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவிடம் முகவரி வாங்கித்தான் கடிதம் போடுகின்றன. பழைய வீட்டுக்குப் போகும் அந்தக் கடிதங்களின் பின்னாலேயே கவுண்டி கோர்ட்டின் வழக்குப் படிவமும் போகும். 14 நாளில் பதில் இல்லையென்றால், விசாரணையே இல்லாமல் வழக்குப் போட்டவர் பக்கம் தீர்ப்பாகிவிடலாம். வீட்டுக்கடன் கேட்கப் போகும்போதுதான் பலருக்குத் தங்கள் பெயரில் ஒரு 'சிசிஜே' (கவுண்டி கோர்ட் தீர்ப்பு) இருப்பதே தெரியவருகிறது.

பயந்து உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள்; முதலில் தீர்ப்பின் தேதியைப் பாருங்கள். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து அந்தப் பதிவு நீங்கும். அதற்குப் பிறகு கட்டினால் 'கட்டியாயிற்று' என்ற குறிப்போடு அது 6 வருடம் அங்கேயே இருக்கும்.

இங்கிலாந்து, வேல்ஸ் சிவில் நடைமுறை விதிகளின் 13ஆம் பகுதி, இப்படிப்பட்ட தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. பதிலளிக்கும் கெடு முடியுமுன்பே தீர்ப்பு வாங்கியிருந்தாலோ, அதற்கு முன்பே நீங்கள் முழுக்கப் பணம் கட்டியிருந்தாலோ கோர்ட் ரத்து செய்தே ஆகவேண்டும். மற்றபடி அது நீதிபதியின் முடிவு. 'கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை' என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினாலே சட்டப்படி சேர்ந்ததாகக் கொள்ள இடமிருக்கிறது. ஆனால் நீங்கள் அங்கே இல்லை என்று கருத வழக்குப் போட்டவர்களுக்குக் காரணம் இருந்தும் புது முகவரியைத் தேடவில்லை என்றால், அதை அழுத்திச் சொல்லுங்கள்.

நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது, வழக்கில் ஜெயிக்க உங்களுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறதா என்பதையும், விஷயம் தெரிந்ததும் தாமதிக்காமல் வந்தீர்களா என்பதையும்தான். இந்தியாவில் ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள் கெடு உண்டு. இங்கே நாள் கணக்கு இல்லை. அதையே சிலர் அவகாசம் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நல்ல வழக்குகூட அதனால் தோற்கலாம். 2023இல் ஆங்கில கராத்தே சம்மேளனம் சம்பந்தப்பட்ட வழக்கில் அப்பீல் கோர்ட் இன்னும் இறுக்கிச் சொன்னது: நேரத்தில் பதில் தராத தவறு எவ்வளவு பெரியது, ஏன் நடந்தது என்பதும் எடைபோடப்படும்.

விண்ணப்பம் என்244 படிவத்தில். கூடவே சாட்சி வாக்குமூலம் வேண்டும். பழைய வீட்டை எந்தத் தேதியில் விட்டீர்கள், புது வீட்டு ஒப்பந்தமும் கவுன்சில் டாக்ஸ் பில்லும் என்ன சொல்கின்றன, தீர்ப்பு என்றைக்குத் தெரிந்தது, மறுநாள் என்ன செய்தீர்கள் என்று தேதி தேதியாக எழுதுங்கள். கடனை ஏன் மறுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். தெரிந்தவர் எழுதித் தந்த கதையில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்; தெரிந்தே பொய் சொன்னால் கோர்ட் அவமதிப்பு. விண்ணப்பித்ததாலேயே, கடனை வசூலிக்க வரும் பெய்லிஃபின் நடவடிக்கை நின்றுவிடாது. அதை நிறுத்தவும் அதே படிவத்தில் கேளுங்கள்.

கட்டணம் சுமார் 300 பவுண்ட். வருமானம் குறைந்தவர்கள் இஎக்ஸ்160 படிவத்தில் சலுகை கேட்கலாம். கடன் உண்மையிலேயே உங்களுடையது என்றால் இந்தப் பணத்தை வீணாக்காமல், என்245 படிவத்தில் தவணை கேளுங்கள்.

கவுன்சில் போடும் பார்க்கிங் அபராதத்துக்கு வழி வேறு. அதைத் தொடங்குவது என்244 படிவத்தில் அல்ல. எதுவானாலும், பணம் கட்டுமுன் உங்கள் பகுதி சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திலோ லா சென்டரிலோ காகிதங்களைக் காட்டிக் கேளுங்கள். ஆலோசனை இலவசம்.