பந்து வந்து சேர 0.4 வினாடி

கிரிக்கெட்டில் கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது என்பது அணித் தலைவருக்குப் பெரிய தலைவலி. அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் இந்த வேலைக்கென்றே தனியாக ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். அவருக்குக் ‘குளோசர்’ என்று பெயர். ஆட்டத்தை முடித்து வைப்பவர் என்று பொருள். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வொரு முறையும் மூன்று பேர் அவுட் ஆனதும் மட்டை எதிரணிக்கு மாறும். தம் அணி சிறிய முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸில் களமிறங்கி, அந்த மூன்று பேரை வீழ்த்தி வெற்றியைக் காப்பாற்றினால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ சேரும். 1969 முதல் இதற்கு அதிகாரபூர்வமான கணக்கு உண்டு.

2011ஆம் ஆண்டு அட்லான்டா பிரேவ்ஸ் அணி இந்தப் பொறுப்பைக் கிரெய்க் கிம்ப்ரெல் என்ற 23 வயது இளைஞரிடம் கொடுத்தது. முழுப் பருவம் ஆடுவது அவருக்கு அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் டெக்சாஸ் அணியின் நெஃப்டாலி ஃபெலிஸ் 40 சேவ் எடுத்து, புதுமுக ஆட்டக்காரர்களுக்குரிய சாதனையைப் படைத்திருந்தார். கிம்ப்ரெல் அதை முறியடித்து 46 எடுத்தார். ஆனால் என்னை வியக்க வைப்பது வேறோர் எண். அவர் எறிந்தது 77 இன்னிங்ஸ். இன்னிங்ஸுக்கு மூன்று வீதம் 231 அவுட். அவற்றில் 127 ‘ஸ்டிரைக் அவுட்’. அதாவது, வீழ்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்று வாய்ப்புகளிலும் பந்தைச் சரியாக அடிக்க முடியாமலே வெளியேறினார்கள். ஆண்டு முழுவதும் ஆட்டம் ஆடியே பிழைக்கும் தொழில்முறை வீரர்கள் இவர்கள்! பந்தை ஏன் தொட முடியவில்லை?

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எறிபவர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவர் பக்கத்து இலக்குக்கும் இடையே 18.44 மீட்டர். எறிபவர் ஓர் எட்டு முன்வைத்து எறிவதால் பந்து உண்மையில் பறப்பது சுமார் 16.8 மீட்டர்தான். கிம்ப்ரெலின் வேகப்பந்து மணிக்கு 155 கி.மீ., அதாவது வினாடிக்கு 43 மீட்டர். வழியில் காற்றின் தடை கொஞ்சம் வேகத்தைத் தின்றுவிடுகிறது. சராசரி 41 என்று கொள்வோம். வகுத்துப் பாருங்கள்: 0.41 வினாடி.

கண் கண்டதை மூளை உணர்ந்து, கைக்கு ஆணையிடச் சுமார் 0.2 வினாடி ஆகும். மட்டையைச் சுழற்றிக் கொண்டுவர இன்னும் 0.15. மீதி இருப்பது 0.06 வினாடி. அந்நேரத்தில் பந்து இரண்டரை மீட்டர்தான் நகர்ந்திருக்கும். ஆக, அந்த முதல் இரண்டரை மீட்டரில் கண்டதை வைத்தே மட்டைக்காரர் முழுப் பாதையையும் ஊகித்தாக வேண்டும்.

ஊகத்தைக் கெடுப்பது பந்தின் சுழற்சி. வேகப்பந்து பின்நோக்கிச் சுழன்றபடி வருகிறது. பந்தை ஒட்டிச் செல்லும் காற்றை இந்தச் சுழற்சி கீழ்நோக்கித் திருப்பிவிட, அதன் எதிர்விசை பந்தை மேலே தாங்குகிறது. இதுவே மாக்னஸ் விளைவு. பந்தின் மேலுள்ள தையல்கள் இதற்குத் துணை செய்கின்றன. 0.41 வினாடியில் புவியீர்ப்பு மட்டும் பந்தை 80 செ.மீ. இறக்கியிருக்கும் (½gt² போட்டுப் பாருங்கள்). நல்ல வேகப்பந்தில் மாக்னஸ் விசை அதில் ஏறக்குறைய பாதியை ஈடுகட்டிவிடும். பந்து மேலே எழும்புவதாக ஆட்டக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அது எழும்புவதில்லை, எதிர்பார்த்த அளவு இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

கிம்ப்ரெலின் இன்னொரு ஆயுதம் வளைபந்து. அதே கைவீச்சு, சுழற்சி மட்டும் நேர்மாறு. மாக்னஸ் விசையும் ஈர்ப்போடு சேர்ந்து பந்தைக் கீழே அழுத்துகிறது. வேகமும் மணிக்கு 140 கி.மீ.க்குக் கீழே. ஆகவே பந்து வந்துசேரச் சுமார் 0.05 வினாடி தாமதமாகிறது. இது என்ன பெரிய தாமதம் என்கிறீர்களா? மட்டையின் நுனி வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. 0.05 வினாடியில் அது ஒன்றரை மீட்டர் போய்விடும். பந்து வருமுன்பே மட்டை கடந்து போயிருக்கும்.

ஒரே ஓர் இன்னிங்ஸ் எறிந்தால் போதும் என்பதால் குளோசர் பலத்தைச் சேமிக்க வேண்டியதில்லை. ஆனால் பலம் மட்டும் போதுமா? எறியும் கை ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்வதாக எளிமைக்காக வைத்துக்கொள்ளுங்கள். பந்தை விடும் தருணம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி பிசகினால், கை 4.3 செ.மீ. நகர்ந்து, திசை 0.043 ரேடியன் மாறியிருக்கும். 16.8 மீட்டர் தாண்டி இது 72 செ.மீ. விலகல். இலக்கின் அகலமோ 43 செ.மீ.தான்! மணிக்கட்டும் விரல்களும் இந்தப் பிழையைப் பெருமளவு குறைக்கின்றன. இருந்தாலும் எவ்வளவு நுட்பமான வேலை என்பது உங்களுக்குப் புரியும். கிம்ப்ரெல் அந்த ஆண்டு 79 ஆட்டங்களில் இதைச் செய்தார். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை தொடர்ந்து 37 இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை.

பிறகு வந்தது செப்டம்பர் 28, பருவத்தின் கடைசி நாள். மாதத் தொடக்கத்தில் அட்லான்டா தன் போட்டியாளரான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸைவிட எட்டு ஆட்டங்களுக்கு மேல் முன்னிலையில் இருந்தது. அந்த முன்னிலை முழுவதும் கரைந்து இரு அணிகளும் சமநிலைக்கு வந்திருந்தன. அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 3-2 என்ற முன்னிலையோடு ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்து கிம்ப்ரெல் கைக்கு வந்தது. நான்கு பந்துகள் இலக்குக்கு வெளியே போனால் அடிப்பவர் அவுட் ஆகாமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம் என்பது விதி. அன்று மூன்று பேர் அப்படி நடந்தார்கள். எதிரணி 3-3 என்று சமன் செய்தது. 13ஆவது இன்னிங்ஸில் அட்லான்டா தோற்றது. அதே நாளில் கார்டினல்ஸ் வென்று அடுத்த சுற்றுக்குப் போய், அந்த ஆண்டின் உலகத் தொடரையும் கைப்பற்றியது.

களைப்பா, பதற்றமா, வெறும் தற்செயலா? நம் சமன்பாடுகளில் இதற்கு விடை இல்லை. அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த 54 வாய்ப்புகளில் 46 வெற்றி, 8 தோல்வி. எட்டில் ஒன்று கடைசி நாளில் வந்து விழுந்தது. வாக்களித்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள் போலும். நேஷனல் லீகின் சிறந்த புதுமுக வீரராக அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 2012இல், அவரை எதிர்கொண்ட 231 பேரில் 116 பேர் ஸ்டிரைக் அவுட் ஆனார்கள்.