மலைக்குப் போறீங்களா? முதுகைக் கேட்டுப் பை வாங்குங்க!

மாசி பிறந்தால் வெள்ளியங்கிரி, ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி, பௌர்ணமிக்குப் பர்வதமலை, கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை... வருஷம் முழுக்க ஏதாவது ஒரு மலை நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வளையமாதேவி, சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும், நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்தும் வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பங்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். டார்ச் லைட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், முதுகில் மாட்டும் பைக்கு மட்டும் யோசிப்பதே இல்லை. பையனுடைய பழைய ஸ்கூல் பை, இல்லாவிட்டால் ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப் பை! அவ்வளவுதான்.

"பைதானே டாக்டர், அதுல என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஒருவர், வயது 58, வெள்ளியங்கிரி ஏறி இறங்கிய மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சட்டை மாட்டவே மனைவியின் உதவி வேண்டியிருந்தது. விரல்களில் மரத்துப்போன உணர்வு. "நல்ல தைலமா குடுங்க, தேய்ச்சா சரியாப் போயிடும்" என்றார். நான் தைலத்தை எடுக்கவில்லை. "என்ன பை கொண்டுபோனீங்க?" என்று கேட்டேன். கயிறு மாதிரி மெல்லிய வார் வைத்த பை. அதில் குடும்பத்துக்கே உரிய தண்ணீர், போர்வை, சாப்பாடு. பத்து கிலோவுக்குக் குறையாது. பழைய நிலைக்குக் கை திரும்ப மூன்று மாதம் ஆனது.

தோளில் என்ன நடக்கிறது?

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளின் கொத்து, காறை எலும்புக்கு அடியில் நுழைந்து போகிறது. மெல்லிய வார் மணிக்கணக்கில் அந்த இடத்தை அழுத்தினால் நரம்பு நசுங்கும். கை மரத்துப்போகும். சிலருக்குத் தோள்பட்டை எலும்பு முதுகில் சிறகு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பாரம் சுமக்கும் ராணுவ வீரர்களிடமும் மலையேறுகிறவர்களிடமும் நவீன மருத்துவம் இதைப் பார்த்து, 'முதுகுப்பை வாதம்' என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறது. நம் வர்ம மருத்துவத்திலும் கழுத்தும் தோளும் சேரும் அந்தப் பகுதியில் 'காக்கட்டைக் காலம்' என்ற வர்மம் குறிக்கப்பட்டிருக்கிறது. எளிதில் அடிபடக் கூடாத இடம் என்பது நம் முன்னோருக்கும் தெரிந்திருந்தது.

அதனால்தான் நெற்கட்டு தூக்கிய நம் ஊர்ப் பெண்கள் தோளில் வைக்கவில்லை, தலையில் வைத்தார்கள். வெறும் தலையிலா வைத்தார்கள்? சும்மாடு சுற்றி வைத்தார்கள்! பாரம் ஒரே புள்ளியில் குத்தாமல் பரவவேண்டும், முதுகெலும்புக்கு நேராக இறங்கவேண்டும். வழியோரத்தில் ஆள் உயரத்துக்குச் சுமைதாங்கிக் கல் நட்டது எதற்கு? குனிந்து இறக்கினால் இடுப்பு போய்விடும், நின்றபடியே இறக்கவேண்டும் என்பதற்குத்தான். ஒரு நல்ல முதுகுப் பையும் இந்த வேலைகளைத்தான் செய்யவேண்டும்.

வேட்டைக்காரன் பை சொல்லும் பாடம்

அமெரிக்கா போன்ற நாடுகளில் மலைப் பைகளில் மிக உறுதியானவை வேட்டைக்குப் போகிறவர்களுக்காகச் செய்யப்படுபவை. சுட்ட மிருகத்தின் இறைச்சியைக் காட்டிலிருந்து முதுகில் சுமந்து வரவேண்டுமே! 1920களில் லாயிட் நெல்சன் என்பவர் மரச் சட்டத்தில் கித்தான் துணி கட்டிய பையைக் கொண்டுவந்தார். வேட்டைக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டம் வைத்து, இடுப்பிலும் வார் கட்டி விற்க ஆரம்பித்தார். பாரம் தோளைவிட்டு இடுப்பு எலும்புக்கு இறங்கியது. இன்றைய நல்ல பைகள் எல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள்தான்.

நம் நாட்டில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. நல்லதுதான். நமக்கு வேட்டை வேண்டாம், வேட்டைக்காரன் பையின் அந்த இடுப்பு வார் மட்டும் போதும்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் மூலிகை பார்க்க மலைக்குக் கூட்டிப்போவார்கள். "பை இடுப்புல உட்காரணும்; தோள் அதைச் சும்மா புடிச்சுக்கணும்" என்பார் எங்கள் ஆசிரியர் ஒருவர். பை வாங்குவதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியாது.

முதலில் அளவெடுங்கள்

உயரத்தைப் பார்த்துப் பை வாங்கக் கூடாது, முதுகின் நீளத்தைப் பார்த்து வாங்கவேண்டும். ஐந்தே முக்கால் அடி ஆளுக்குக் கால் நீளமாக இருக்கலாம், முதுகு குட்டையாக இருக்கலாம்.

வீட்டிலேயே அளக்கலாம். தலையைக் குனியுங்கள். பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்தும். அது ஆரம்பம். இரண்டு கையையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களை முதுகுப் பக்கம் நீட்டுங்கள். இரண்டு விரலையும் சேர்க்கும் கோடுதான் முடிவு. தையல் டேப்பால் இடையில் உள்ள தூரத்தை வேறொருவர் அளக்கவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 40 முதல் 50 செ.மீ.க்குள் வரும். நல்ல கம்பெனிப் பைகளில் எந்த முதுகு நீளத்துக்கு எந்த சைஸ் என்று குறித்திருப்பார்கள். சில பைகளில் வாரை மேலும் கீழும் நகர்த்தி வைக்கலாம். ஒரே பையைக் கணவன் மனைவி இருவரும் மாற்றி மாட்டுவதானால் இந்த வகை உத்தமம்.

எத்தனை லிட்டர்?

காலையில் ஏறி மாலையில் இறங்கும் பர்வதமலைக்கு 20 முதல் 30 லிட்டர் பை போதும். ஒரு ராத்திரி தங்குவதானால் 35 முதல் 45. அதற்கு மேல் வேண்டாம். பெரிய பை வாங்கினால், இடம் இருக்கிறதே என்று சாமான் சேர்ந்துகொண்டே போகும்!

நிரப்பிய பையின் எடை, ஒரு நாள் பயணத்துக்கு உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கட்டும். ராத்திரி தங்கினாலும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ நிம்மதி, 12 கிலோ எல்லை. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதை மறக்காதீர்கள். குழந்தைகளுக்குப் பத்தில் ஒரு பங்குதான் எல்லை. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு பள்ளிப் பைக் கொள்கையும் இதையே சொல்கிறது.

கடையில் செய்யவேண்டிய சோதனை

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து 5 கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். சிரிக்காதீர்கள்! காலிப் பை எல்லாமே தோளுக்குச் சுகமாகத்தான் இருக்கும். அரிசியை உள்ளே வைத்து மாட்டி, கடைக்குள்ளேயே பத்து நிமிஷம் நடங்கள். மாட்டும் வரிசை இதுதான்:

1. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள்.

2. முதலில் இடுப்பு வார். அது வயிற்றில் அல்ல, இடுப்பு எலும்பின் மேல் உட்காரவேண்டும். அதை இறுக்குங்கள்.

3. பிறகு தோள் வார். பை முதுகோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுங்கள்.

4. கடைசியில் நெஞ்சு வார். காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, மூச்சு முட்டாமல்.

இப்போது தோள் வாருக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். சுலபமாக நுழைந்தால் பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். நுழையவே முடியாமல் தோள் அழுந்தினால் அந்தப் பை உங்களுக்கு இல்லை. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

இடுப்பு வார் என்ற பெயரில் வெறும் நாடாவைத் தைத்திருப்பார்கள். அது ஏமாற்று. உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியான பஞ்சு வைத்திருக்கவேண்டும். முதுகுப் பக்கம் வளையாத தகடோ கம்பியோ இருக்கவேண்டும். பெண்களுக்கென்று தோள் வாரை வளைத்துத் தைத்த பைகள் வருகின்றன. சாதாரண வார் மார்பை அழுத்தும் பெண்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

துணியும் தையலும்

துணியில் 420, 600 டெனியர் என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன். நைலானில் 420, பாலியெஸ்டரில் 600 நம் மலைகளுக்குத் தாராளம். அதைவிட முக்கியம் தையல். வார் பையோடு சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த இடத்தைப் பிடித்து வலுவாக ஒரு இழு இழுங்கள். ஜிப்பை மூலை திருப்பத்தில் நாலு முறை ஓட்டிப் பாருங்கள். மலையில் முதலில் கைவிடுவது இந்த இரண்டும்தான்.

'தண்ணீர் புகாது' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். தையல் வழியே புகும். மழையுறை சேர்ந்த பையாகப் பாருங்கள். நிறம்? காட்டோடு கலக்கும் பச்சை வேட்டைக்காரனுக்கு. நமக்கு ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு. கூட்டத்தைவிட்டு வழி தவறினால் தேடுகிறவர் கண்ணில் படவேண்டும்.

அடுக்குவதில் ஒரு கணக்கு

போர்வை, துணி அடியில். தண்ணீர், பூஜைச் சாமான் போன்ற கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. லேசானவை மேலே, வெளிப்பக்கம். கனமானதை வெளியே வைத்தால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், நீங்கள் கூன் போட்டு நடப்பீர்கள், மறுநாள் இடுப்பு பிடிக்கும். சபரிமலைக்குப் போகிறவர்கள், பிடரிக்கு மேல் உயராத பையாக வாங்குங்கள். தலையில் இருமுடி இருக்கும்போது பை பின்னந்தலையில் இடித்தால் கழுத்து முன்னால் தள்ளப்படும். குரங்குள்ள மலைகளில் வெளிப் பையில் தின்பண்டம் வைக்காதீர்கள்.

வேட்டி கட்டுகிறவர்களுக்கு ஒன்று: இடுப்பு வாருக்கு அடியில் பெல்ட் பக்கிளோ வேட்டி முடிச்சோ இருந்தால் இரண்டு மணி நேரத்தில் தோல் கன்றிவிடும். முடிச்சை நடு வயிற்றுக்குத் தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். தண்ணீர் ஏறிய ஓடையில் இறங்கவே கூடாது. முழங்காலுக்குக் கீழே ஓடும் சாதாரண ஓடையைக் கடந்தாலும், இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிட்டே கடக்கவேண்டும். வழுக்கி விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும்.

பழக்கம் வேண்டும்

நம்ம ஊர் தரைமட்டம். மேடு என்றால் சுரங்க மண்மேடுதான்! திடீரென்று ஏழு மலை ஏறு என்றால் உடம்பு என்ன செய்யும்? கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பையை மாட்டிக்கொண்டு நடங்கள். முதல் வாரம் 2 கிலோ, பிறகு 4, பிறகு 6. டவுன்ஷிப் சாலைகளில் காலையில் நடக்கலாம், மாடிப் படி ஏறி இறங்கலாம்.

2024இல் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்கள் சிலர் வழியிலேயே இறந்ததைப் படித்திருப்பீர்கள். இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எலும்பு தேய்ந்தவர்கள் பாரம் தூக்கவேண்டாம். பையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

திரும்பி வந்த பிறகு

வெறும் அசதி என்றால் வெந்நீர்க் குளியலும் தூக்கமும் போதும். தோளும் முதுகும் பிடித்துக்கொண்டால், நொச்சி இலையை விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, துணியில் கட்டி, சூடு பொறுக்கும் அளவில் ஒத்தடம் கொடுங்கள். சர்க்கரை நோயாளிகள் சூட்டில் கவனம். மிதித்து விடுவது, சுளுக்கு எடுப்பது எதுவும் வேண்டாம்.

கை மரத்துப்போதல், விரலில் பிடி தளர்தல், கையைத் தூக்க முடியாமை இருந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளாமல் மருத்துவரிடம் வாருங்கள். இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நல்ல பைக்குக் காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து வருஷம் உழைக்கும். மலைக்குப் போய் வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, வார்களைத் தளர்த்தி மாட்டி வையுங்கள். அடுத்த மாசிக்குத் தயாராக இருக்கும்.