ரயில் மின்கம்பி உயரத்துக்கு ஒரு தாவல்: போல் வால்ட்ல நாம எங்க நிக்கிறோம்?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடை தாம்பரம் - பீச் லோக்கல்ல கேட்டுட்டு இருக்கீங்கன்னா, இறங்கினதும் பிளாட்ஃபாரத்துல நின்னு ஒரு தடவை மேல பாருங்க. தண்டவாளத்துக்கு மேல போற மின்கம்பி இருக்குல்ல, அது தண்டவாளத்துலேருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரம். 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில, காந்திநகர்ல, நம்ம தமிழ்நாட்டுக்காரர் சிவா சுப்ரமணியம் தாண்டினது 5.31 மீட்டர். கிட்டத்தட்ட அந்தக் கம்பி உயரம். 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்ல ஸ்வீடனோட மோண்டோ டுப்ளாண்டிஸ் தாண்டினது 6.30. அந்தக் கம்பிக்கும் முக்கால் மீட்டர் மேல!

பேப்பர்ல இதை 'கோலூன்றித் தாண்டுதல்'னு போடுவாங்க. கையில இருக்கிறதை நான் 'கம்பு'ன்னே சொல்றேன். 'போல்'னு எழுதினா எது மாதிரின்னு கேப்பீங்க. மேல குறுக்க வெச்சிருக்கிறது 'பார்'.

இன்னைக்குக் கேள்வி இதுதான். இந்தியாவுல இந்த விளையாட்டுல தமிழ்நாட்டுக்கு நல்ல பேர் இருக்கு. அப்படி இருந்தும் ஆசிய அளவுல ஆண்கள் பிரிவுல நமக்கும் முதலிடத்துக்கும் நடுவுல அரை மீட்டருக்கு மேல இடைவெளி. அது எங்கேருந்து வருது?

முதல்ல ரூல்ஸ்

ஒவ்வொரு உயரத்துக்கும் மூணு வாய்ப்பு. தொடர்ந்து மூணு தடவை தவறினா அவுட். வேணும்னா ஒரு உயரத்தை 'பாஸ்' பண்ணிட்டு நேரா அடுத்ததுக்குப் போகலாம். அதனால இதுல தெம்பு எவ்வளவு முக்கியமோ, கணக்கும் அவ்வளவு முக்கியம்.

ரெண்டு பேர் ஒரே உயரத்துல முடிச்சா, குறைவா தவறினவர் முன்னாடி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல இதுதான் நடந்துச்சு. கிரீஸோட கராலிஸ், பிலிப்பைன்ஸோட இ.ஜே. ஒபியெனா, ரெண்டு பேரும் 5.90. வெண்கலம் கராலிஸுக்கு, நாலாவது இடம் ஒபியெனாவுக்கு. ஒரு சென்டிமீட்டர் கூட வித்தியாசம் இல்லாம ஒரு ஒலிம்பிக் மெடல் போச்சு.

பள்ளிக்கூட ஃபிசிக்ஸ் போதும்

பிளஸ் ஒன்ல படிச்ச ஃபார்முலாதான். ஓடுற வேகத்துல இருக்கிற ஆற்றல் முழுசும் உயரமா மாறினா, எவ்வளவு மேல போகலாம்? வேகத்தோட வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தோட ரெண்டு மடங்கால வகுக்கணும். வினாடிக்கு 9 மீட்டர் வேகத்துல ஓடினா சுமார் 4.1 மீட்டர். 10 மீட்டர்னா சுமார் 5.1. ஒரு மீட்டர் வேகம் கூடினா ஒரு மீட்டர் உயரம் கூடுது. நம்ம உடம்போட ஈர்ப்பு மையம் ஏற்கனவே தரையிலேருந்து ஒரு மீட்டர் மேல இருக்கு. மேல போனதும் கையால கம்பைத் தள்ளி இன்னும் கொஞ்சம் ஏறலாம். இதெல்லாம் சேர்ந்துதான் ஆறு மீட்டர்.

அதனால போல் வால்ட் வீரர் அடிப்படையில ஒரு ஸ்பிரிண்டர். டுப்ளாண்டிஸ் 2024ல சூரிச்ல 400 மீட்டர் ஹர்டில்ஸ் உலக சாதனையாளர் வார்ஹோமோட 100 மீட்டர் பந்தயம் வெச்சாரு. 10.37 வினாடியில ஜெயிச்சும் காமிச்சாரு.

சரி, கம்பு என்ன பண்ணுது? அது ஒரு பேட்டரி மாதிரி. ஓடி வந்து, தரையில 20 செ.மீ. ஆழமா பதிச்சிருக்கிற பாக்ஸ்ல ஊன்றினதும் கம்பு வளையுது. ஓட்டத்துல இருந்த ஆற்றல் அந்த வளைவுல சேருது. கம்பு நிமிரும்போது அதைத் திருப்பிக் கொடுக்குது. ஆனா எந்த பேட்டரியும் நீங்க சார்ஜ் பண்ணினதுக்கு மேல கொடுக்காது. அதனாலதான் வேகம் இல்லாதவருக்கு நல்ல கம்பு கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

மூங்கில் கம்பு காலத்துல அமெரிக்காவோட வார்மர்டாம் 1942ல 4.77 தாண்டினாரு. 1960கள்ல ஃபைபர்கிளாஸ் வந்ததும் உயரம் சரசரன்னு ஏறிடுச்சு. மூங்கிலும் வளையும்தான். ஆனா ஃபைபர்கிளாஸ் அளவுக்கு உடையாம வளைஞ்சு, வாங்கின ஆற்றலைத் திருப்பிக் கொடுக்காது.

ஒரு கம்பு பத்தாது

நம்ம பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குது. ஒவ்வொரு கம்புக்கும் நீளம் உண்டு, எவ்வளவு எடை தாங்கும்னு ஒரு அளவும் உண்டு. உங்க எடைக்கும் வேகத்துக்கும் பொருந்துற கம்புதான் உங்களுக்கு. ரொம்ப மெத்துனு இருந்தா அளவுக்கு மீறி வளையும், உடையவும் கூடும். ரொம்ப விறைப்பா இருந்தா வளையாம உங்களைத் திருப்பி ரன்வே பக்கமே தள்ளிடும். மெத்தையில விழவேண்டிய ஆள் வேற எங்கயாவது விழுவாரு. அது உயிருக்கே ஆபத்து.

வீரர் கொஞ்சம் வேகமாயிட்டா அடுத்த கம்பு வேணும். இன்னும் மேல பிடிக்க ஆரம்பிச்சா அதைவிட நீளமான கம்பு வேணும். போட்டி நாள்ல எதிர்க்காத்து அடிச்சா ஒரு கம்பு, பின்காத்து அடிச்சா இன்னொண்ணு. நல்ல வீரர் கையில ஒரு செட்டே இருக்கும். ஒரு ரன்னருக்கு ஸ்பைக்ஸ் மாத்துற மாதிரி இல்லை இது. நல்ல கம்பெல்லாம் வெளிநாட்டுலேருந்து வரணும், ஒவ்வொண்ணும் பல பத்தாயிரம் ரூபாய்.

அப்புறம் மெத்தை. தரமான போட்டிக்கு ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் அளவுல மெத்தை வேணும். இதெல்லாம் எந்த ஸ்கூல் கிரவுண்டுல இருக்கும்? குரோம்பேட்டையில, செம்பாக்கத்துல இருக்கிற ஒரு பையனுக்கு ஓட்டமோ லாங் ஜம்ப்போ பழக ஒரு மைதானம் போதும். மெத்தை இல்லாம போல் வால்ட் பழகவே முடியாது. திறமை இருக்கான்னு தெரிஞ்சுக்கிறதுக்கே வசதி வேணும்.

கம்போட ஒரு ரயில் பயணம்

கம்பு வாங்கியாச்சுன்னே வெச்சுக்குங்க. போட்டிக்கு எடுத்துட்டுப் போகணுமே. ஐந்து மீட்டர் நீளம், மடக்க முடியாது, ரெண்டா வெட்டவும் முடியாது. நம்ம லோக்கல்ல பீக் அவர்ல ஒரு டிராவல் பேக் கொண்டுவந்தாலே மொறைப்பாங்க.

2026 ஜனவரியில மத்தியப் பிரதேச வீரர் தேவ் குமார் மீனாவும் சக வீரர் ஒருத்தரும் மங்களூருல பல்கலைக்கழகப் போட்டி முடிச்சுட்டு ரயில்ல திரும்பிட்டு இருந்தாங்க. பன்வேல்ல கம்புகளால பிரச்சினை வந்து இறங்கவேண்டியதாயிடுச்சு, ஸ்டேஷன்லயே மணிக்கணக்கா காத்திருந்தாங்க. வீடியோ பரவினதும் நாடே பேசுச்சு. தேவ் மீனா யாருன்னா, 2025 பிப்ரவரியில டேராடூன்ல 5.32 தாண்டி, சிவாவோட சாதனையை ஒரே ஒரு சென்டிமீட்டர்ல முறியடிச்சவரு. ஏப்ரல்ல கொச்சியில 5.35 ஆக்கினாரு. தேசிய சாதனையாளருக்கே இந்த நிலைமைன்னா, மாவட்டப் போட்டிக்குப் போற காலேஜ் பையன் என்ன பண்ணுவான்?

வெளிநாட்டுலயும் இந்தத் தொல்லை உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஃபைனல் நடந்துட்டு இருக்கும்போதே பிரேசிலோட ஃபாபியானா மூரரோட கம்பு காணாமப் போச்சு. அவங்க பதக்கக் கனவும் அதோட போச்சு. இரவல் கம்புல தாண்டுறது, வேற ஒருத்தரோட கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுற மாதிரி.

அரை மீட்டர் இடைவெளி

இப்ப ஆசியக் கணக்குக்கு வருவோம். 2023 பாங்காக் ஆசிய சாம்பியன்ஷிப்ல ஒபியெனா 5.91 தாண்டி தங்கம். 5.35க்கும் அதுக்கும் 56 செ.மீ. மத்த எல்லாம் அப்படியே இருந்து, வேகத்தால மட்டும் இதை அடைக்கணும்னா, வினாடிக்கு 9 மீட்டர் ஓடுறவர் கிட்டத்தட்ட 9.6 ஓடணும். பெரிய தாவல்தான். ஆனா நடக்கவே நடக்காத விஷயம் இல்லை.

ஏன்னா ஒபியெனா பிறந்தது ஐரோப்பாவுல இல்லை, மணிலாவுல. அப்பாவே போல் வால்ட் வீரர். புப்கா, இசின்பயேவா ரெண்டு பேருக்கும் கோச்சா இருந்த விட்டாலி பெட்ரோவ்கிட்ட இத்தாலியில பயிற்சி எடுத்தாரு. 2023 ஜூன்ல நார்வேல ஆறு மீட்டர் தாண்டின முதல் ஆசியர் ஆனாரு. ஆப்பிரிக்காவுலயும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவோட ஓக்கர்ட் பிரிட்ஸ் 1995ல 6.03 தாண்டினாரு. அந்தக் கண்டத்துலேருந்து ஆறு மீட்டர் கிளப்ல அவர் மட்டும்தான். ஒரு கண்டத்துலேருந்து ஒருத்தரோ ரெண்டு பேரோதான் வர்றாங்கன்னா, அங்க திறமை இல்லைன்னு அர்த்தம் இல்லை. கோச், கம்பு, மெத்தை மூணும் ஒரே இடத்துல கிடைச்சவங்க அவ்வளவு பேர்தான்.

நம்ம ஊருல அதுக்கான அடித்தளம் இருக்கு. வி.எஸ். சுரேகா 2014ல 4.15 தாண்டி பெண்கள் தேசிய சாதனை வெச்சாங்க. எட்டு வருஷம் கழிச்சு அதை உடைச்சதும் தமிழ்நாட்டுப் பொண்ணுதான். சிவா 5.31 தாண்டின அதே காந்திநகர் போட்டியில ரோஸி மீனா பால்ராஜ் 4.20. அடுத்த வருஷம் அஸ்தானாவுல நடந்த ஆசிய இண்டோர் போட்டியில பவித்ரா வெங்கடேஷ் வெள்ளி வாங்கினாங்க. ஒருத்தர் சாதனையை அடுத்தவர் முறியடிக்கணும்னா, கோச் அனுபவமும் கம்பும் கைமாறணும். தனி ஆள் திறமையால மட்டும் இது வராது.

அதனால என் பார்வையில, வேண்டியது இன்னொரு பெரிய ஸ்டேடியம் இல்லை. லைப்ரரி மாதிரி ஒரு கம்பு வங்கி. வேகம் கூடக்கூட பழசைக் கொடுத்துட்டு அடுத்ததை எடுத்துட்டுப் போகணும். மேலக்கோட்டையூர்ல உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கு. தாம்பரம் பக்கத்துப் பசங்களுக்கு அப்படி ஒரு வங்கி வர அதைவிட நல்ல இடம் எது? கூடவே, ரயில்ல கம்பு எடுத்துட்டுப் போக எல்லா ஸ்டேஷன்லயும் செல்லுற ஒரே மாதிரியான விதி. ரெண்டுமே ராக்கெட் சயின்ஸ் இல்லை.

டுப்ளாண்டிஸ் 2020ல 6.17ல ஆரம்பிச்சு 6.30 வரைக்கும் 14 உலக சாதனை வெச்சாரு, ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டர். 56 செ.மீ.யும் அப்படித்தான் குறையும். அடுத்த தடவை டிவியில போல் வால்ட் வந்தா சேனல் மாத்தாதீங்க. ஓட்டத்தோட கடைசி அஞ்சு அடியை மட்டும் பாருங்க. வேகம் குறையாம வந்தா தாவல் பெரும்பாலும் நல்லா இருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். ஸ்கூல் கிரவுண்டுல கம்பு பிடிச்ச அனுபவம் யாருக்காவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, கண்டிப்பா போடுறேன்.